பொருத்தம் கேட்டு வந்தவர்கள்

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை, ஆம்பிளைகள் ஜும்ஆவுக்குப் போயிருக்கிற நேரம்.

அன்புள்ள மகன் பஹ்மிக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் ஆகிலாவும் பேரன் அஸ்பாக்கும் அந்தக் கத்தார் வெயிலில் அல்லாஹ்வின் காவலில் நல்லபடி இருக்கவேண்டும் என்று ஐந்து நேரமும் கையேந்துகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. ஆனால் நான் சுகமா இல்லையா என்பது என்னைத் தவிர இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்த சங்கதி, ஆகவே அந்த வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். முதலில் அன்றைக்கு டொக்டரின் அறைக்குள் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன், நான் அங்கே இருக்கவில்லை என்று பிறகு யாரும் கதை மாற்றக்கூடாது. கதிரையில் இருந்தவர் பெரிய டொக்டர், சிங்கள மனிதர், பெயர் என் வாயில் நுழையவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்றவள் சின்ன டொக்டர் கிருசிகா, பாண்டிருப்புப் பிள்ளை, அவர் சொல்வதை எங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்கிறவள். இந்தப் பக்கம் என் மூத்த மகள், உன் ராத்தா றாஹிலா, பச்சை அபாயா உடுத்திருந்தாள். அவளுடைய மாப்பிள்ளை நளீம். என் தம்பி ஷரிபுதீன், கடைசியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினவன் அவன்தான். வருத்தக்காரி நான் வெளியே வாங்குப் பலகையில். எனக்குக் காவல் பேத்தி ஸம்றா, ஒலுவில் கம்பஸுக்குப் போகாமல் நின்றவள், ஆடு அறுத்துக்கொண்டு ஓடிவிடும் என்று கயிற்றைப் பிடிக்கிற மாதிரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஊசி போடுகிற மிஸ்ஸி ஒருத்தி உள்ளே போகக் கதவு திறந்தது, அப்போது பார்த்தேன், மேசையில் நளீமின் போன் மல்லாக்கக் கிடந்தது, எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ தொண்டையைச் செருமினதும் கேட்டது. உன் மாமா ஷரிபுதீன் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான், நளீம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பெரிய டொக்டர் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார், ஆகவே செருமினது யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. கதவு மறுபடி சாத்தப்பட்டது. நான் அதை மனதில் போட்டு வைத்துக்கொண்டேன். உனக்குத் தெரியும்தானே, என் மனதில் போட்டது அழுகாது.

வருத்தம் எப்படித் தொடங்கியது என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் நான் கேஸ்ட்ரிக் என்றுதான் சொன்னேன், ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பெரும்போக வெட்டு நடக்கும்போது வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு கனம், நோவு என்றும் சொல்ல முடியாது, நனைந்த சாக்கை உள்ளே சுருட்டி வைத்தது போல. சந்தியில் மருந்து கொடுக்கிறவர் கையால் அமத்திக்கூடப் பார்க்கவில்லை, வயது போனால் எல்லாருக்கும் கேஸ்ட்ரிக் வரும் உம்மா என்று குளிசை தந்தார். நோன்பு வந்தது, எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. நான், கஞ்சிக் கோப்பையை வழித்துக் குடிக்கிறவள், இரண்டு மிடறோடு வைத்துவிட்டேன். பெருநாளுக்குத் தைத்த சட்டை தோளில் நிற்கவில்லை, கைக் காப்பு முழங்கை வரைக்கும் ஓடியது. நான் நினைத்தேன் யாரோ எனக்குச் சூனியம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று. யார் என்றும் நினைத்தேன், அந்தப் பெயர் கீழே வரும். லெப்பையிடம் ஓதின தண்ணி வாங்கிக் குடித்தேன், கனம் அப்படியே கிடந்தது. பிறகுதான் றாஹிலா பிடிவாதம் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், அங்கே ஸ்கேன் வைத்தார்கள், ஈரலில் இடப்பக்கமாக ஒரு கட்டி என்றார்கள். நோவு வலப்பக்கம், கட்டி இடப்பக்கமா, பிழையான ஆளின் படத்தைப் பார்க்கிறீங்களா என்று கேட்டேன். ஈரல் பெரிசு உம்மா, அதுக்கே ஒரு இடப்பக்கம் இருக்கு என்று அந்தப் பாண்டிருப்புப் பிள்ளை சிரித்தாள். குடிக்கிற பழக்கம் இருக்கா என்றும் கேட்டாள். அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்க வேண்டுமாம். ஓம் மகள், ஓதின தண்ணி என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. விலாவால் நீட்டு ஊசி போட்டு ஈரலில் ஒரு நூலளவு சதை எடுத்தார்கள், சரி, கட்டி ஈரலில், ஊசியும் ஈரலில், அது எனக்கு விளங்கியது. அந்தச் சதையின் பதில் வந்த கையோடு தொண்டையால் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். அடுத்த கிழமை பின்பக்கத்தால் விட்டுக் குடலைப் பார்த்தார்கள், அந்த வெட்கத்தை நான் எழுத மாட்டேன். அதற்கும் அடுத்தது மார்பை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அமத்திப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் வெளியே வந்து ஒண்டுமில்ல உம்மா, சுத்தமா இருக்கு என்றார்கள். ஒன்றும் இல்லை என்றால் மனிதர் சந்தோசப்பட வேண்டும்தானே மகன்? இவர்களுக்கு ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று வர வர முகம் நீண்டுகொண்டே போனது. களவு போன வீட்டில் கள்ளனை வெளியே தேடிக் காணாமல், அப்ப ஆள் வீட்டுக்குள்ளதான் என்று விளங்கினவர்களின் முகம் அது. அதன் பிறகுதான் நான் மேலே சொன்ன அந்த நாள், அந்தச் சாத்தின கதவு.

வெளியே வந்தவர்கள் எனக்குச் சொன்னது ஈரலில் நீர்க்கட்டி, குளிசையில் கரைந்துவிடும் என்று. சொன்னவள் றாஹிலா, சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைத் தேடினாள், செருப்பு என் காலில் கிடந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லாம் கோணல். றாஹிலா எனக்கு மீன் முள் எடுத்துத் தருகிறாள், உன் வாப்பாவுக்கும் உனக்கும் முள் எடுத்த கை இது, எனக்கு முள் எடுக்கிறாளாம். உப்புக் கூடினது என்று நான் ஏசினால் முன்பு பதிலுக்கு ஏசுவாள், இப்போது ஓம் உம்மா, பிழைதான் உம்மா என்கிறாள், எனக்கு அது ஏச்சை விடச் சுட்டது. போன் அடித்தால் நளீம் முற்றத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறார். ஸம்றா போனைப் பார்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சுகிறாள், கேட்டால் தடிமனாம், இந்த வெயிலுக்குத் தடிமன். நான் எல்லாப் பாரத்தையும் நளீமின் தலையில்தான் போட்டேன், மருமகன் என்னவோ மறைக்கிறார் என்று அவருடைய உம்மாவின் காதுக்கே கேட்கிற மாதிரிக் கதைத்தேன். அவர் வாய் திறக்கவில்லை. அதுவும் எனக்குக் குற்றமாகத்தான் பட்டது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்தது, ஹாஜிமார் ஸம்ஸம் தண்ணியும் பேரீச்சம்பழமும் கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் அஸருக்கு உன் மாமி சபூறா வாசலில் வந்து நிற்கிறாள், ஷரிபுதீனின் பெண்டாட்டி. றாஹிலாவின் கல்யாணத்தில் நாற்பது சஹன் சோறு வைத்த வீட்டில், இறைச்சி வேகவில்லை, நாய்க்கும் பல்லு வேணும் என்று பெண்கள் மத்தியில் சொன்னவள், அன்றிலிருந்து இந்த வாசல் படலையை அவள் தாண்டவில்லை, நானும் தாண்ட விடவில்லை. எனக்குச் செய்து வைத்தது யார் என்று மேலே எழுதினேனே, நான் நினைத்திருந்தது இவளைத்தான். தோடம்பழமும் முந்திரிகைப் பழமும் பையில் கொண்டு வந்து, என் கால்மாட்டில் இருந்து, மதினி, வாய்த் தவறிச் சொன்னதுகள் கிடக்கும், பொறுத்துக்கங்க மதினி, எனக்குப் பொருத்தம் தாங்க என்று அழுகிறாள். உனக்கும் தெரியும், எங்கள் ஊரில் ஒரு ஆள் பொருத்தம் கேட்டு வீடேறி வருவது இரண்டு நேரத்தில்தான். கேட்கிற ஆள் ஹஜ்ஜுக்குப் போகிறதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்கப்படுகிற ஆள் மவுத்தாகப் போகிறதாக இருக்க வேண்டும். நான் கேட்டேன், என்னடி சபூறா, ஹஜ்ஜுக்குப் போறியா என்று. இல்ல மதினி என்றாள். போனவர்களே திரும்பி வந்தாயிற்று, நீ எங்க போக என்று சொல்லி அவள் கண்ணையே பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்ப போறது நான்தான் என்றேன். அல்லாஹ்வே, அப்படிச் சொல்லாதீங்க என்று எழும்பி ஓடினாள், செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு ஓடினாள், றாஹிலாவின் ஒரு செருப்பு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

இத்தனை டொக்டர்மார் வாயைக் கட்டி வைத்திருக்க, எனக்கு வருத்தத்தைச் சொன்னவள் சபூறா. அவர்கள் ஒரு பிழை விட்டார்கள் மகன். அந்த வருத்தத்தின் பெயரைத்தான் மறைத்தார்கள், பொருத்தத்தை மறைக்க மறந்துவிட்டார்கள். ஷரிபுதீன் வீட்டில் சொல்லியிருக்கிறான், ராத்தாவுக்குக் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறான், ஆனால் ராத்தா பொறுக்காமல் மவுத்தாகினால் அந்த ஹக்குக் கடன் மறுமையில் கழுத்தைப் பிடிக்கும் என்ற பயம் அவர்களுக்கு. அதனால் ஒவ்வொருவராக வந்தார்கள். என்னிடம் பொருத்தம் வாங்க வேண்டியவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும், வாசலில் செருப்புக் குறையவில்லை. கடைசியில் பாக்கியராசாவும் வந்தார், வயல் வட்டையில் நமக்கு மேல் வயல்காரர், ஒவ்வொரு சிறுபோகமும் வாய்க்காலில் மண்மூட்டை வைத்து நம்முடைய தண்ணியை மறிக்கிறவர். சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்று, அக்கா, உங்கட ஆக்கள் இப்பிடித்தான் கேக்கிறதாம், எனக்கு முறை தெரியா, தண்ணி விசயத்தில மனசில ஒண்டும் வெச்சிராதங்க என்றார். பாக்கியராசாத் தம்பி, மூட்டையை எடுத்தாச்சா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். இண்டைக்குப் பின்னேரம் எடுத்திருவன் அக்கா என்றார். அப்ப பின்னேரம் வந்து வாங்குங்க பொருத்தத்தை என்று அனுப்பிவிட்டேன். மெய்யாகவே எடுத்துவிட்டார், நளீம் போய்ப் பார்த்து வந்தார், இந்தப் போகம் தண்ணி நல்லாப் பாய்கிறது. எனக்கு இந்த வருத்தம் முந்தியே வந்திருக்கலாம் என்று நான் சொல்ல றாஹிலா அடுப்படிக்குள் போய் அழுதாள்.

நான் அழவில்லை. கிளினிக் நாள் வரும் வரைக்கும் வாய் திறக்காமல் இருந்தேன். அன்று றாஹிலா மருந்து எடுக்க வரிசையில் நின்ற நேரம் நான் தனியாகக் கிருசிகாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன், இந்த முறை சாத்தினது நான். மகள், எனக்கு எல்லாரும் பொருத்தம் கேட்டு முடிஞ்சிது, நீ மட்டும்தான் பாக்கி, சொல்லு என்றேன். அந்தப் பிள்ளைக்குக் கண் நிறைந்தது, ஆனாலும் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தாள். அவளுடைய தகப்பனும் வயல் செய்கிறவராம். உம்மா, ஈரலை ஒரு வட்டை எண்டு வெச்சிக்கங்க, அதுக்குள்ள பித்தம் ஓடுறதுக்கு மயிர் மாதிரிச் சின்னச் சின்ன வாய்க்கால் இருக்கு, உங்களுக்கு அந்த வாய்க்கால்ர வரம்பிலதான் கட்டி வளந்திருக்கு, புத்துநோய்தான் உம்மா என்றாள். மயிர் மாதிரி வாய்க்கால் என்று அவள் சொன்ன சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது. இது அரிதாக வருகிற வகையாம். ஈரலில் கட்டி கண்டால் அது அநேகமாக வேறு இடத்திலிருந்து, இரைப்பையிலோ குடலிலோ மார்பிலோ தொடங்கி ஓடி வந்ததாக இருக்குமாம், எடுத்த சதையைப் பார்த்தாலும் பிரித்துச் சொல்லக் கஷ்டமாம். வெளியால வந்த தண்ணியா, உள்ளுக்க ஊறின தண்ணியா எண்டு பாக்கத்தான் அந்தக் கமரா எல்லாம் விட்டம், வேற எங்கயும் இல்லாததாலதான் இது ஈரல்லயே பிறந்தது எண்டு முடிவெடுத்தம் என்றாள். கள்ளன் வீட்டுக்குள்ள என்று நான் நினைத்தது சரியாகப் போயிற்று. சந்தியில் கேஸ்ட்ரிக் என்று காலம் கடத்தாமல் இருந்திருந்தால் என்று கேட்டேன், இது கனபேருக்கு இப்படித்தான் உம்மா, பெரிசாகும் வரைக்கும் சத்தம் போடாது, கண் மஞ்சளாகிறதும் கடைசியில்தான் என்றாள். அந்தக் குளிசைக்காரரை நான் அதற்காக விடவில்லை, அவர் கையால் அமத்திப் பார்த்திருக்கலாம்.

பிறகு அவள் ஒன்று கேட்டாள், அதற்குத்தான் நான் ஆயத்தமாக இருக்கவில்லை. வருத்தத்திர பெயரைச் சொல்லாம உங்களிட்டப் பிறகு கேட்டதாவும், ஒப்பரேசன் வேணாம் எண்டு நீங்களே சொன்னதாவும் வீட்டார் சொன்னாங்க, ஏன் உம்மா பயமா என்றாள். எந்த ஒப்பரேசன் என்று கேட்டேன். கட்டி ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதால் கொழும்பில் அந்தப் பக்கத்தை வெட்டி எடுக்கலாமாம், மிச்ச ஈரல் வளர்ந்து இடத்தை நிரப்புமாம், எல்லாருக்கும் வாய்க்காதாம், எனக்கு வாய்த்ததாம். வெட்டினாலும் திரும்பி வரக்கூடும், மேசையிலேயே ஏதும் ஆகவும் கூடும் என்றும் மறைக்காமல் சொன்னாள். அன்று அந்த அறையில் பெரிய டொக்டர் அதைத்தான் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றது நளீமா என்று கேட்டேன், இல்லை, அவர் கொழும்புக்கு நாளைக்கே கொண்டுபோறன் எண்டுதான் நிண்டவர். ஷரிபுதீனா, இல்லை. றாஹிலாவா, இல்லை. அப்ப ஆருடி மகள், சுவரா கதைச்சிது என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள், போன்ல இருந்தவர் உம்மா என்று. உம்மாட்ட சொல்ல வேணாம், வாப்பாவை வெட்டி என்னத்தைக் கண்டம், எனக்கு இன்னொருக்கா ஏலாது, வீட்டில வெச்சிச் சந்தோசமாப் பாருங்க, இது என்ட முடிவு. இப்படித்தான் சொன்னாராம். ஒருத்தரும் அதற்கு மேல் வாய் திறக்கவில்லையாம். சொல்லுவதற்கு முந்தித் தொண்டையைச் செருமினாரா என்று மட்டும் கேட்டேன். ஓம் என்றாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துக் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து நிற்கிறவன் என் முகத்துக்கு முன்னால் செருமுகிற செருமல் அது, அந்த வாங்கில் இருக்கும்போதே எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

வாப்பாவின் வயிற்று ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைத்தவன் நீ. அவர் மேசையிலிருந்து எழும்பவில்லை. அந்த நாளிலிருந்து அதை நீ சுமக்கிறாய் என்பது உனக்குத் தெரியாமல் எனக்குத் தெரியும், அதற்குப் பிறகுதான் நீ கடல் தாண்டிப் போனாய் என்பதும் தெரியும். அதற்கு உனக்கு அன்றைக்கே பொருத்தம் கொடுத்துவிட்டேன், ஜனாஸா வீட்டில் இருக்கும்போதே, நீ கேட்காமலே. வாப்பாவுக்குக் கையெழுத்து வைத்தது பிழை இல்லை மகன். எனக்கு நானே கையெழுத்து வைக்கவிடாமல் செய்ததுதான் பிழை. என்னிடம் கேட்டிருந்தால் நான் பயந்திருப்பேன், ஏசியிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன், அதன் பிறகு வெட்டுங்க என்றுதான் சொல்லியிருப்பேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி இருந்த இடத்தில் கட்டி இப்போதும் நிற்கிறதா, தாண்டிவிட்டதா என்று தெரியாது, அதைப் பார்க்க மறுபடி பெரிய ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். உன் பயத்துக்கு என்னுடைய ஆயுள் நாளிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாய். ஸ்கேனுக்கும், வெட்டலாம் என்று வந்தால் வெட்டுவதற்கும், நான் கிருசிகாவுக்கு முன்னாலேயே சம்மதம் சொல்லிவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், என் பெயரை எனக்கு எழுதத் தெரியும். நளீம் கொழும்புக்கு வாடகை வான் பேசிவிட்டார். அவர் இத்தனை நாளும் என் ஏச்சைக் கேட்டுக்கொண்டு உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, அதை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

இதைப் போனில் சொல்லாமல் எழுதுவது ஏன் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ செருமுவாய், நான் இளகிவிடுவேன். பக்கத்து வளவு அப்ராஸ் லீவு முடிந்து டோஹாவுக்கு வருகிறான், ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன், ஒட்டுப் பிரிந்திருந்தால் எனக்கு அறிவி. அவனிடம் ஆகிலாவுக்கு மாசிச் சம்பலும் அஸ்பாக்குக்குத் தொதலும் அனுப்பியிருக்கிறேன், பிள்ளைக்கு இனிப்பு அதிகம் கொடுக்க வேண்டாம், பல்லு உன்னுடைய பல்லு. சுபஹை விடாதே, வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பறக்கத்தையும், உனக்கு வருத்தம் வரும் நாளில் உண்மையைச் சொல்கிற பிள்ளையையும் தருவானாக, ஆமீன். ஒரு விசயம் சொல்லி முடிக்கிறேன். சபூறாவுக்குப் பொருத்தம் கொடுத்துவிட்டேன், அந்த இறைச்சி மெய்யாகவே வேகவில்லை என்று அவளிடம் சொல்ல மாட்டேன். பாக்கியராசாவுக்குக் கொடுத்துவிட்டேன். என் தம்பிக்கும், றாஹிலாவுக்கும், சந்தியில் இருக்கிற குளிசைக்காரருக்கும்கூட நேற்று மஃரிபுக்குப் பிறகு கொடுத்துவிட்டேன், கொழும்புக்குப் போகும்போது பாரம் இருக்கக் கூடாது. ஒரே ஒரு ஆளுக்குக் கொடுக்கவில்லை, போனில் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், வான் புறப்படும் முன் இந்தப் படலையைத் தாண்டி வந்து என் முகத்துக்கு முன்னால் நின்று, செருமாமல் கேட்க வேண்டும்.

இப்படிக்கு உன் உம்மா அவ்வாஉம்மா. பொருத்தம் கொடுக்காத ஆளின் பெயர், நான் வைத்த பெயர்தான், பஹ்மி.